மட்டக்களப்பில் தனியாக முதல் மூன்று நாள்: முழுமையான வழிகாட்டி

முதுகில் ஒரு பையோடு மட்டக்களப்புக்குத் தனியாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் இறங்காததுமாகப் பாசிக்குடாக் கடற்கரைக்கு ஓடுகிறார்கள். உச்சி வெயிலில் கடலில் நின்று, தோளும் கழுத்தும் வெந்துபோய், மிச்ச நாளை அறையில் ஃபேனுக்குக் கீழே கழிக்கிறார்கள். கல்லடியில் இருந்துகொண்டு இதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இவ்வளவு தூரம் வந்தவர் ஊரைப் பார்க்காமலே திரும்பிப் போகிறாரே!

எங்கெங்கே போவது என்பதை எல்லாரும் விசாரித்துக்கொண்டுதான் வருகிறார்கள். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான் பிழை விடுகிறார்கள். என் ஒழுங்கு இதுதான்: முதல் நாள் ஊர், இரண்டாம் நாள் பக்கத்துக் கடற்கரை, மூன்றாம் நாள் தூரப் பயணம்.

1. மாதத்தைப் பார்த்து நாள் குறியுங்கள்

ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை இங்கே வெயில் காலம். கடலும் பொதுவாக அடங்கி இருக்கும். நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. அப்போது கடல் கொந்தளிக்கும், வாவி நிரம்பும், தாழ்ந்த வீதிகளில் வெள்ளம் ஏறும். டிசம்பரில் தென்மேற்குக் கரையிலுள்ள காலி நகரப் பக்கம் போய் நன்றாக இருந்தது என்று அதே கணக்கில் இங்கே வருகிறவர்கள் உண்டு. இரண்டு கரைக்கும் பருவம் நேரெதிர்.

வருடத்தின் நடுப்பகுதியில் கச்சான் காற்று வீசும். தரைப் பக்கமிருந்து வரும் வறண்ட காற்று அது. வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பு தண்ணீர் இழப்பதே தெரியாது. அந்த மாதங்களில் வருகிறவர்கள் கீழே 7ஆம் பகுதியைக் கட்டாயம் படியுங்கள்.

சித்திரைப் புத்தாண்டு வாரம், பாடசாலை விடுமுறைகள், மாமாங்கேஸ்வரர் கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தம் ஆகிய நாட்களில் அறையும் ரயில் இருக்கையும் கிடைப்பது கஷ்டம். திருவிழா பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள்.

2. வெளிச்சத்தில் வந்து சேருங்கள்

முதல் தடவை தனியாக வருகிறவர் இரவு பத்து மணிக்கு இறங்கக் கூடாது. ஊர் பயங்கரமானது என்பதற்காகச் சொல்லவில்லை. கடைகள் நேரத்தோடு பூட்டிவிடும், பஸ் குறைந்துவிடும், அறை பிடிக்காவிட்டால் மாற்ற வழியிருக்காது.

கொழும்பிலிருந்து ரயிலில் வருவதானால் காலையில் கோட்டை நிலையத்திலிருந்து புறப்படும் உதயதேவி ரயில் வசதி. புறப்படுவதற்கு முதல் நாளே நேர அட்டவணையை ஒருதரம் பாருங்கள். நேரங்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. கல்ஓயா, ஹிங்குராக்கொடப் பக்கம் யானைகள் தண்டவாளத்தைக் கடக்கும் பகுதி என்பதால் வேகத்தைக் குறைத்து ஓட்டுவார்கள். எனவே வந்து சேரும் நேரத்தை நம்பி அடுத்த பஸ்ஸுக்குக் கணக்குப் போடாதீர்கள்.

திருகோணமலையிலிருந்தும் பதுளையிலிருந்தும் பஸ்தான். காலையிலேயே ஏறினால் பகலோடு வந்துவிடலாம்.

3. எந்தக் கரையில் தங்குவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

மட்டக்களப்பு வாவி ஊரைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. இதை விளங்கிக்கொள்ளாமல் விலையை மட்டும் பார்த்து அறை எடுத்தால் ஒவ்வொரு வேளைக்கும் ஓட்டோவுக்குக் காசு கொட்ட வேண்டிவரும்.

புளியந்தீவு நாலு பக்கமும் வாவி சூழ்ந்த பழைய நகரம். பஸ் நிலையம், பழைய தேவாலயங்கள், கோட்டை எல்லாம் இங்கேதான். பாலத்தைக் கடந்தால் கோட்டைமுனை. வங்கிகளும் கடைகளும் நிறைந்த பகுதி. நடந்தே பல காரியம் முடிக்கலாம். ஆனால் கடல் பக்கத்தில் இல்லை.

கல்லடி கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள நிலத்துண்டு. விடியற்காலையில் எழும்பிச் செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடந்து போகலாம். இரவில் காற்று வரும். முதல் முறை தனியாக வருகிறவருக்கு நான் சொல்வது கல்லடிதான், அதுவும் பிரதான வீதிக்குக் கிட்டவாக. கல்முனைப் பக்கம் போகும் பஸ்கள் எல்லாம் அந்த வீதியால்தான் போகும். பஸ் எடுப்பதும் சுலபம், இருட்டில் நடக்க வேண்டிய தூரமும் குறைவு.

பாசிக்குடா ஏறத்தாழ 30 கிலோமீற்றர் வடக்கே இருக்கிறது. அங்கே பெரிய ஹோட்டல்கள்தான் அதிகம். தனியாள் ஒருவர் மலிவாகச் சாப்பிட்டு, நாலு பேரோடு பேசி, ஊரைப் பழகுவதற்கான இடமாக அது எனக்குத் தெரியவில்லை. பகலில் போய்வாருங்கள்.

அறை எடுக்கும்போது முதலில் ஒரு இரவுக்கு மட்டும் காசு கொடுங்கள். மூன்று நாளுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், பிடிக்காவிட்டாலும் திரும்ப வாங்குவது பெரும்பாடு. காசு கொடுக்கும் முன் உள்ளே போய் நான்கு விடயம் பாருங்கள்: ஜன்னல் திறக்கிறதா, நுளம்பு வலை கிழியாமல் இருக்கிறதா, கதவின் உள்தாழ்ப்பாள் இறுக்கமாக விழுகிறதா, குழாய்த் தண்ணீர் உவரா. கடற்கரைப் பக்கத்துக் கிணறுகள் சில உவர்ப்பாக இருக்கும். குளிக்கப் பரவாயில்லை, குடிக்க வேறு தண்ணீர் வேண்டும். கேற் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்றும் கேட்டு வையுங்கள். குடும்பத்தோடு இருக்கிற வீடுகள் சிலதில் ஒன்பது மணியோடு பூட்டிவிடுவார்கள்.

தனியாக வரும் பெண்பிள்ளைகளிடம் "ஒராள்தானா?" என்று ஒன்றுக்கு இரண்டு தரம் கேட்பார்கள். சில இடங்களில் அறை இல்லை என்றும் சொல்லிவிடுவார்கள். இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வழக்கம். ஆனாலும் இருக்கிறது. அதனால் வருவதற்கு முன்பே தொலைபேசியில் பேசி, தனியாகத்தான் வருகிறேன் என்று சொல்லி உறுதிப்படுத்திவிடுங்கள். வீட்டுக்கார அம்மாவோ அக்காவோ முன்னுக்கு நின்று நடத்தும் தங்குமிடம் என்றால் நல்லது. சாப்பிட்டாயா என்று கேட்பதிலிருந்து, இருட்டினால் போன் எடுத்துப் பார்ப்பது வரை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

4. பையைப் பாதியாகக் குறையுங்கள்

வெயிலில் பை சுமப்பது வேறு, குளிர் ஊரில் சுமப்பது வேறு. முதுகோடு ஒட்டி நிற்கும் பை உடம்புச் சூட்டை வெளியே விடாது. தூக்கிப் பார்த்து, அரை மணி நேரம் நடக்கலாம் என்று தோன்றினால் மட்டும் கொண்டுவாருங்கள்.

கட்டாயம் வேண்டியவை: கையை மூடும் மெல்லிய பருத்திச் சட்டை, தொப்பி அல்லது குடை, ஒரு லீற்றருக்குக் குறையாத தண்ணீர்ப் போத்தல், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) பக்கற் இரண்டு, நுளம்புக்குப் பூசும் மருந்து, மெல்லிய துவாய், அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டும் அதன் பிரதியும். ஒரு சாரமோ நீளத் துணியோ எடுத்து வையுங்கள். போர்வையாகும், கடற்கரையில் உடை மாற்ற மறைப்பாகும், கோயிலுக்கும் பள்ளிவாசல் பக்கத்துக்கும் காலை மூட உதவும்.

காசை இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள். 100, 500 ரூபாய்த் தாள்கள் கையில் இருக்கட்டும். 5000 தாளை நீட்டினால் பஸ் கொண்டக்டரும் தேத்தண்ணிக் கடைக்காரரும் பாவம், என்ன செய்வார்கள்?

5. இறங்கிய முதல் இரண்டு மணித்தியாலம்

பையோடு ஊர் சுற்றாதீர்கள். நேரே அறை. ஓட்டோவில் ஏறுவதற்கு முன் விலையைப் பேசுங்கள். ஏறிய பிறகு பேசினால் பேச்சு வளரும்.

அறைக்குப் போனதும் தண்ணீர் குடித்து, குளித்து, அரை மணி நேரம் படுத்திருங்கள். பயணக் களைப்போடு எடுக்கும் முடிவுதான் பிறகு கழுத்தை அறுக்கும்: பிழையான பஸ், விலை கூடின அறை, மறந்துபோன போன் சார்ஜர்.

அப்புறம் ஒழுங்காக மூன்று வேலை. முதலில் சிம்மும் டேற்றாவும், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் விசாரிக்க அது வேண்டும். இரண்டாவது ஏ.ரி.எம்.; சனி ஞாயிறில் ஒரு இயந்திரத்தில் காசு முடிந்தால் அடுத்ததைத் தேட வெளிச்சம் இருக்க வேண்டும். மூன்றாவது, திரும்பிப் போகும் ரயில் இருக்கை. கடைசி நாளுக்கு என்று இதைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம். இருக்கை கிடைக்காமல் கொழும்பு வரை நின்றபடி போனவர்களை எனக்குத் தெரியும்.

6. முதல் நாள் பின்னேரம்: நடந்து ஊரைப் பிடியுங்கள்

நாலு மணிக்குப் பிறகு புளியந்தீவில் நடக்கத் தொடங்குங்கள். போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையின் மதில் வாவிக்கரையோடு நிற்கிறது. அங்கிருந்து புனித மரியாள் பேராலயப் பக்கமாக வந்து, வாவிக்கரையில் காந்தி பூங்காவில் இருந்து காற்று வாங்கலாம். 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் வந்திறங்கியதன் நினைவாக அவர் சிலையும் வாவிக்கரையில்தான் இருக்கிறது.

இந்த நடையை முதல் நாளில் வைப்பதற்குக் காரணம், பாலங்கள் எந்தப் பக்கம், வாவி எந்தப் பக்கம் என்பது காலுக்குத் தெரிந்துவிடும். போன் சார்ஜ் இல்லாவிட்டாலும் அறைக்குத் திரும்பலாம். வழி கேட்டால் "நேரே போய் இந்தப் பக்கம் கிறுகுங்க மகன்" என்று கையைக் காட்டுவார்கள். அதற்குள் ஊரின் வடிவம் மனதில் இருந்தால்தான் அது உதவும்.

ஆறு, ஆறரைக்குள் இருட்டிவிடும். அந்தி நேரம் நீண்டு கிடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

7. வெயிலுக்கு விட்டுக்கொடுங்கள்

காலை 6 முதல் 10 வரை வெளியே. 10.30 முதல் 3.30 வரை நிழலில். பிறகு மறுபடி வெளியே. ஊர்ச் சனமே இப்படித்தான் காலையில் வேலையை முடிக்கிறது. நீங்கள் மட்டும் மத்தியானம் இரண்டு மணிக்குக் கடற்கரை மணலில் நடந்தால், அங்கே உங்களையும் இரண்டு நாயையும் தவிர யாரும் இருக்கமாட்டார்கள்.

தாகம் எடுக்கும் வரை காத்திருக்காதீர்கள். மணித்தியாலத்துக்கு ஒரு தரம் கொஞ்சமாவது குடியுங்கள். இளநீர், மோர், தேசிக்காய்த் தண்ணீர் எல்லாம் நல்லது. தலையிடி, சிறுநீர் கடும் மஞ்சளாகப் போவது, வாந்தி வருவது போன்ற உணர்வு என்று வந்தால் உடனே நிழலுக்குப் போய், ஜீவனியைக் கரைத்து மெதுவாகக் குடியுங்கள். தலை சுற்றி, பேச்சுக் குழம்பினால் இனிப் பொறுக்கக் கூடாது. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். ஊருக்குள்ளேயே போதனா வைத்தியசாலை இருக்கிறது.

தனியாள் என்பதால் இதை இத்தனை அழுத்திச் சொல்கிறேன். கூட்டமாக வந்தால் முகம் சிவந்திருப்பதைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்வார். உங்களுக்கு அந்த ஆள் இல்லை.

8. கடலில் இறங்கும் முன்

கல்லடிக் கடல் திறந்த கடல். பல இடங்களில் கரையிலிருந்து கொஞ்சம் போனதுமே ஆழம் விழும். அலை அடித்துத் திரும்பும்போது காலடி மணலை உருவிக்கொண்டு போகும், நிற்க முடியாது. அலை உடையாமல் தட்டையாகத் தெரியும் இடம்தான் அமைதியான இடம் என்று அங்கே இறங்குவார்கள். பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தண்ணீர் வெளியே திரும்பி ஓடுகிறது. அதில் அகப்பட்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவை விட்ட பிறகு கரைக்குத் திரும்புங்கள்.

தனியாக வந்தவருக்கு என் விதி: கல்லடியில் முழங்கால் அளவு, அதற்கு மேல் வேண்டாம். ஆசை தீரக் குளிக்கப் பாசிக்குடா இருக்கிறது. அங்கே குடாவுக்குள் நெடுந்தூரம் ஆழமே இல்லாமல் போகும்.

வாவி அமைதியாகக் கிடக்கிறதே என்று அதில் இறங்காதீர்கள். வாவியில் முதலை உண்டு. முகத்துவாரத்தில், அதாவது வாவி கடலோடு சேரும் இடத்தில், நீரோட்டம் கடுமை. பார்க்க மட்டும் போங்கள்.

எந்தக் கடற்கரையிலும் முதலில் அங்கே நிற்கும் மீனவரிடம் கேளுங்கள். "அண்ணன், இன்றைக்கு இறங்கலாமா?" என்றால் ஒரு நிமிடம் கடலைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

காலையில் போனால் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். தோணி கடலுக்குள் அரைவட்டமாக வலையை விட்டுவிட்டு வரும். கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, ஒரே தாளத்தில் பின்வாங்கி நடந்தபடி கயிற்றை இழுப்பார்கள். மணல் ஏறும் இடம் வந்ததும் கடைசியில் நிற்பவர் பிடியை விட்டுவிட்டுத் தண்ணீரோரம் ஓடி, முன்னுக்குப் போய் மறுபடி பிடிப்பார். கையில் நார்க் கயிறு உரசி உரசி உள்ளங்கை வெளுத்திருக்கும். கேட்டால் உங்களையும் பிடிக்க விடுவார்கள். இறுகி நிற்கும் கயிற்றைத் தாண்டி மட்டும் போகாதீர்கள். சட்டென்று எழும்பினால் கால் முறியும்.

பையை என்ன செய்வது? தனியாளுக்குப் பெரிய கேள்வி இது. பெறுமதியான எல்லாவற்றையும் அறையில் பூட்டிவிட்டு, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் வேண்டிய காசை மட்டும் கொண்டுபோங்கள். குடும்பமாக வந்திருப்பவர்களுக்குப் பக்கத்தில் துவாயை விரியுங்கள். "அக்கா, ஒருக்கா பார்த்துக்கொள்ளுங்கோ" என்றால் யாரும் மறுப்பதில்லை.

9. சாப்பாடு

காலையில் இடியப்பம், பிட்டு, சொதி, சம்பல். மத்தியானச் சோறு பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்குள் சாப்பிடுங்கள். பிந்திப் போனால் மீன் முடிந்து கறி அடியில் கிடக்கும். இரவுக்குக் கொத்து, பராட்டா. எருமைத் தயிரைச் சட்டியோடு வாங்கி, கொஞ்சம் சீனியோ கருப்பட்டிப் பாணியோ விட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். வெயிலுக்கு அதைவிட வேறொன்று வேண்டாம்.

வாவி நண்டும் இறாலும் நிறைக்கு விலை. சமைக்கச் சொல்லும் முன்பே நிறையையும் விலையையும் கேளுங்கள்.

கல்லடிக்குத் தெற்கே முஸ்லிம் ஊரான காத்தான்குடி. பிரியாணிக்கும் துணிக்கும் அங்கே போவார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் போகாதீர்கள், கடைகள் பூட்டியிருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் வீதியில் நின்று சாப்பிடுவதையும் தவிருங்கள். கடைக்காரரை, அண்ணன் என்பதற்கு அங்கே சொல்வது போல, காக்கா என்றோ நானா என்றோ கூப்பிட்டால் போதும், பேச்சு தானாக வரும்.

10. இரண்டாம் நாள்: பக்கத்தில் உள்ளவை

விடியற்காலையில் கல்லடிக் கடற்கரை. சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்புவதைப் பார்க்க 5.45க்குக் கரையில் நில்லுங்கள். அங்கிருந்து திருச்செந்தூர் முருகன் கோயிலுக்குப் போகலாம். 2004 ஆழிப்பேரலையில் கோபுரம் சாய்ந்த கோயில் அது. இந்தக் கரையில் பலர் வீட்டில் ஆள் இழந்தவர்கள். கதை கேட்டு நச்சரிக்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் இருந்து கேளுங்கள்.

பிறகு ஓட்டோவில் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர், அப்படியே பாலமீன்மடு வெளிச்சவீடு. இரண்டும் ஒரே பக்கம் என்பதால் ஒரே ஓட்டத்தில் முடிக்கலாம். பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

இரவில் வாவிக்குள்ளிருந்து எழும் இசை போன்ற ஒலியை இங்கே மீன் பாட்டு என்பார்கள். அதைக் கேட்க ஆசை என்றால் ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையில், பௌர்ணமியை ஒட்டிய இரவுகள்தான் பொருத்தம். கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது பழைய முறை. இரவில் தனியாகத் தோணி ஏறாதீர்கள். தங்குமிடத்தில் சொல்லி, வேறு ஆட்களோடு, உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு போங்கள்.

11. மூன்றாம் நாள்: தூரம்

பாசிக்குடாவுக்குக் காலை முதல் பஸ்களில் ஒன்றில் வாழைச்சேனைக்குப் போய், அங்கிருந்து ஓட்டோ. ஒன்பது மணிக்குத் தண்ணீரில் இருந்தால் பத்தரைக்கு ஏறிவிடலாம். இறங்கியவுடனேயே திரும்பும் பஸ் நேரத்தைக் கேளுங்கள். பின்னேரம் கூட்டம் நெரியும்.

கூட்டம் பிடிக்காதவருக்கு நான் சொல்வது மண்டூர். களுவாஞ்சிகுடி வரை பஸ், பிறகு குருமண்வெளித் துறை. அங்கிருந்து சைக்கிள், மோட்டார் சைக்கிள், சனம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு 'பாதை' என்று இங்கே சொல்லும் மிதவைப் படகு வாவியைக் கடக்கும். அக்கரையில் மண்டூர் முருகன் கோயில். பாதை ஓடுகிறதா என்று களுவாஞ்சிகுடியிலேயே கேட்டுவிட்டுப் போங்கள்.

பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்துக்கு ஒரு தரிப்பு முன்பே "இறக்கம்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். பையோடு நெரிசலில் கதவுக்கு வர நேரம் எடுக்கும்.

12. தனியாள் கவனிக்க வேண்டிய மிச்சம்

எங்கே இருந்து வருகிறாய், கல்யாணம் முடித்தாயா, ஏன் தனியாக வந்தாய் என்று கேட்பார்கள். அக்கறைதான். சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள். ஆனால் எந்த அறையில் தங்குகிறீர்கள் என்பதை வழியில் சந்தித்தவரிடம் சொல்லத் தேவையில்லை.

இருட்டிய பிறகு ஆளில்லாத கடற்கரையில் இருக்காதீர்கள். ஒவ்வொரு இரவும் வீட்டில் ஒருவருக்கு, நாளைக்கு எங்கே போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒரு செய்தி போடுங்கள். பொலிஸுக்கு 119. இராணுவ முகாம், சோதனைச் சாவடி பக்கம் கமரா எடுக்காதீர்கள். கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டிவரலாம். வாசலில் நிற்பவர்களைப் பார்த்துச் செய்யுங்கள்.

நாலாம் நாள் தெற்கே அறுகம்குடாப் பக்கம் போக நினைத்தால் கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவிலுக்குக் காலை பஸ்ஸைப் பிடியுங்கள். நேரடி பஸ் தவறினால் அக்கரைப்பற்றில் இறங்கி மாறலாம். வெயில் ஏறும் முன் இடப்பக்க ஜன்னலோரம் சூடாக இருக்கும், வலப்பக்கம் இருங்கள்.